காரணம் எழுதும் கட்டம்

குழாய்த் தண்ணீரில் மூன்று அலசல். பிறகு வாசனையில்லாத சோப்புக் கரைசலை ஊற்றி, நீளக் காம்புப் பிரஷை உள்ளே விட்டுச் சுழற்றித் தேய்க்க வேண்டும். மறுபடியும் குழாய்த் தண்ணீரில் ஐந்து. கடைசியாக, மூலையில் நிற்கும் வெள்ளை டிரம்மிலிருந்து பிடித்த சுத்திகரித்த தண்ணீரில் மூன்று. குடுவையைத் தலைகீழாகத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், உட்புறத்தில் தண்ணீர் ஒரே சீராக வழிந்து இறங்க வேண்டும். எங்காவது முத்து முத்தாகத் துளி நின்றுவிட்டால் அங்கே அழுக்கு இருக்கிறது என்று அர்த்தம். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அவள் எண்ணிக் கழுவுவதில்லை. ஏழு வருஷத்தில் எண்ணிக்கை கைக்குள் இறங்கிவிட்டது. யாரோடு பேசிக்கொண்டிருந்தாலும், எட்டு அலசல் முடிந்ததும் கை தானாக வெள்ளை டிரம் பக்கம் திரும்பும். மாத்திரை செய்யும் அந்தத் தொழிற்சாலையின் பரிசோதனைப் பிரிவில் அவளுக்குப் பெயர் கண்ணாடிக்கா. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் மூக்குக் கண்ணாடி போட்ட ஒருத்தியைத் தேடிக்கொண்டு கழுவும் அறைக்குள் எட்டிப் பார்ப்பார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் தொட்டியில் எண்பது குடுவைகள் கிடந்தன. வயிறு உருண்டு, கழுத்து நீண்டு, கழுத்தில் ஒரு கோடு போட்ட அளவுக் குடுவைகள். அவற்றைச் சூட்டில் காயவைக்கக் கூடாது. சூடு பட்டால் அளவு மாறிவிடும். கம்பிகளில் கவிழ்த்துக் காற்றில்தான் காயவிட வேண்டும். பாதிக்கு மேல் கவிழ்த்து முடித்திருந்தபோது மெஷின்காரன் வந்து வாசலில் நின்றான்.

"அக்கா, போன வாரம் நீங்க கழுவின குடுவை எதாச்சும் எடுக்காம மிச்சம் இருக்கா?"

"எதுக்கு தம்பி?"

"சும்மாதான்."

அவன் சும்மா எதையும் கேட்கிறவன் இல்லை. அலமாரியின் அடித்தட்டில் இருந்த நான்கைக் காட்டினாள். அவன் அவற்றைக் கழுத்தில் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கொண்டுபோனான்.

கழுவும் அறைக்கும் மெஷின் அறைக்கும் நடுவில் இடுப்புக்கு மேலே முழுக்கக் கண்ணாடிச் சுவர்தான். அந்தப் பக்கம் நாலு மெஷின்கள். ஒவ்வொன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பெட்டிகள் மாதிரி இருக்கும். அவற்றை ஓட்டுகிறவன் அவன். முப்பத்தைந்து வயது இருக்கும். ஒரு நாள் கரண்ட் போய் எல்லாரும் சும்மா உட்கார்ந்திருந்தபோது, அந்த மெஷின் என்னதான் செய்கிறது என்று அவள் கேட்டாள். அவன் ஒரு சாண் நீள எஃகுக் குழாயை எடுத்துவந்து காட்டினான். அதற்குப் பெயர் காலம் என்றான்.

"நீங்களும் உங்க வீட்டுக்காரரும் சந்தைத் தெருவுக்குள்ள ஒண்ணா நுழையறீங்கன்னு வச்சுக்குங்க. யாரு முதல்ல வெளிய வருவீங்க?"

"நான்தான். அவரு கடைக்குக் கடை நின்னு பேசுவாரு. உப்பு வாங்கிட்டு வர ஒரு மணி நேரம் ஆகும்."

"அவ்வளவுதான்க்கா. இந்தக் குழாய்க்குள்ள மாவு மாதிரி ஒண்ணை இறுக்கி அடைச்சிருக்கு. அதுதான் சந்தைத் தெரு. மாத்திரையைக் கரைச்சு இந்தப் பக்கம் விட்டுத் தள்ளுவோம். மாவோட ஒட்டி ஒட்டி நிக்கிறது லேட்டா வரும். ஒட்டாதது விறுவிறுன்னு வந்துரும். உள்ள போறப்ப எல்லாம் ஒரே கலவை. வெளிய வர்றப்ப தனித்தனி."

"வந்தது யாருன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"வர்ற நேரத்தை வச்சுத்தான். நம்ம ரத்த அழுத்த மருந்து ஆறாவது நிமிஷம். இன்னைக்குப் போட்டாலும் ஆறு, அடுத்த மாசம் போட்டாலும் ஆறு. வந்த உடனே திரையில கோடு மலை மாதிரி எழும்பி இறங்கும். அதுக்குப் பேரு பீக்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வேலைக்கு வந்த முதல் வாரம் முழுவதும், படித்த பிள்ளைகள் நாள் பூராவும் இப்படிக் கூச்சமில்லாமல் பேசுகிறார்களே என்று நினைத்துக்கொண்டிருந்தவள் அவள். அன்று சாயந்தரம் புருஷனிடம் சொன்னபோது அவருக்கு அதைவிடக் காலம்தான் பிடித்துப்போனது. "உங்க கம்பெனியில காலம் கெட்டுப்போனா கழட்டி வேற மாட்டிடறாங்க. நமக்கு யாரு மாட்டுவா?" என்று ஒரு வாரத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள் விஷயம் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ரத்த அழுத்த மாத்திரை ஒரு தொகுதி, பன்னிரண்டு லட்சம் மாத்திரைகள், பரிசோதனையில் நின்றுபோயிருந்தது. ஆறாவது நிமிஷம் வரவேண்டியது சரியாக வந்தது. அதற்குப் பிறகு கோடு தரையோடு தரையாகப் போகவேண்டும். பதினோராவது நிமிஷத்தில் சின்னதாக இன்னொன்று எழும்பியிருந்தது. அந்த நேரத்தில் வருகிற எதுவும் அந்த மாத்திரையில் கிடையாது. அதையே மறுபடி ஓட்டினார்கள். மறுபடியும் பதினோராவது நிமிஷம் வந்தது. இரண்டு வாரத்தில் மருந்து வாங்குகிற கம்பெனியிலிருந்து தணிக்கைக்காரர்கள் வருவதாக இருந்தது.

புதன்கிழமை மேலாளர் புதிதாக ஒரு கரைசல் தயாரிக்கச் சொன்னார். குடுவைகளை மெஷின்காரனே கழுவிக்கொள்ள வேண்டும், வேறு யாரும் தொடக்கூடாது என்றார். அவன் அவளுடைய தொட்டிக்கு வந்து, அவளைப் பார்க்காமல், ஆறு குடுவைகளை அவசர அவசரமாகக் கழுவிக்கொண்டு போனான். அவள் ஒரு ஓரமாக ஒதுங்கி நின்றாள். அவன் பிரஷைப் பிடித்த விதம் தப்பாக இருந்தது. கழுத்துக்குக் கீழே அந்த வளைவில் படவேயில்லை. சொல்லலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

மத்தியானம் கோடு சுத்தமாக வந்தது. பதினோராவது நிமிஷத்தில் ஒன்றும் இல்லை. மூன்று மணிக்கு அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மேலாளர் கெட்ட மனிதர் இல்லை. ஐம்பது வயதிருக்கும். மத்தியானச் சாப்பாட்டைப் பல நாள் மேஜையிலேயே திறக்காமல் வைத்திருப்பார். அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"யாரும் உன்னைத் திட்டலம்மா. முதல்ல அதைப் புரிஞ்சுக்கோ. பழைய குடுவையில பண்ணினப்ப அந்த பீக் வந்துது. வேற ஆள் கழுவினப்ப வரலை. உள்ள சோப்பு மிச்சம் இருந்திருக்கு."

"நான் நல்லாத்தான் சார் கழுவினேன்."

"இருக்கலாம். ஏழு வருஷமா நல்லாக் கழுவியிருக்கே, நான் இல்லேங்கலை. அன்னைக்கு ஒரு நாள் ஒரு அலசல் விட்டுப்போயிருக்கலாம் இல்லையா? வீட்டுல வேற உடம்பு சரியில்லாத ஆளு. நீயும் மனுஷிதானே?"

"மனுஷிதான் சார்."

அவர் ஒரு படிவத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார். நிறையக் கட்டங்கள். ஒரு கட்டத்தில் விரலை வைத்தார்.

"இது காரணம் எழுதற கட்டம். இது காலியா இருந்தா ஃபைலை மூட முடியாது. ஃபைலை மூடலைன்னா மாத்திரை வெளிய போகாது. மனிதத் தவறுன்னு எழுதி, அந்த ஆளுக்கு மறுபயிற்சி குடுத்தாச்சுன்னு போட்டா முடிஞ்சுது. இது தண்டனை இல்லம்மா. வெறும் பேப்பர்."

"நிரந்தரம் பண்ற லிஸ்ட்ல என் பேரு இருக்குன்னு சொன்னாங்க சார். இந்த மாசம்."

"அது வேற, இது வேற. தணிக்கை முடியட்டும், நானே பேசறேன்."

அவள் பேனாவை வாங்கினாள். கை ஈரமாக இருந்ததால் பேனா வழுக்கியது. புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

வீட்டில் அவள் புருஷன் கட்டிலில் சாய்ந்தபடி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்கியவர். அடிவயிற்றில் குடலிறக்கம் வந்து பதினோரு மாதமாக வீட்டில் இருக்கிறார். இடுப்பில் அகலமான பெல்ட். இருமினால் ஒரு கையால் அந்த இடத்தை அழுத்திக்கொண்டுதான் இருமுவார். "உள்ள இருக்க மாட்டேங்குது, எட்டிப் பாக்குது. வேடிக்கை பாக்கற புத்தி குடலுக்கும் வந்துருச்சு," என்பார். அறுத்துத் தைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி ஆறு மாதம் ஆயிற்று. அவள் வேலை நிரந்தரமானால் கம்பெனியிலிருந்து மருத்துவ அட்டை வரும். அந்த அட்டை இருந்தால் அவர் அதே வாரம் படுத்துக்கொள்ளலாம். அது இல்லாமல் ஆஸ்பத்திரி வாசலைக்கூட மிதிக்க முடியாது.

மேலாளர் ஒரு படிவத்தை நீட்டியதை அவள் சொன்னதும், "கையெழுத்துப் போட்டியா?" என்று கேட்டார்.

"போட்டேன்."

"என்ன எழுதியிருந்துச்சு?"

"மனிதத் தவறாம்."

அவர் வெங்காயத் தோலை மடியிலிருந்து எடுத்துத் தட்டில் போட்டார். "நம்மளை மனுஷன்னு எழுதறதுக்கு இவ்வளவு வருஷம் ஆகியிருக்கு," என்றார். அவள் சிரிக்கவில்லை. அவர் மெதுவாகக் கேட்டார்.

"நெஜமாவே மறந்துட்டியா?"

அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அது எரிந்துகொண்டுதான் இருந்தது. "தெரியலை," என்றாள். "கை கழுவிட்டுப் போயிட்டே இருக்கும். அன்னைக்கு எண்ணினேனான்னு கேட்டா என்ன சொல்றது?"

அதற்குப் பிறகு அவள் எண்ண ஆரம்பித்தாள். வியாழக்கிழமை வாய்விட்டு எண்ணினாள். எண்ண ஆரம்பித்ததும் தப்பு வந்தது. நாலா ஐந்தா என்று சந்தேகம் வந்து மறுபடி முதலிலிருந்து கழுவினாள். எண்பது குடுவைக்கு ஒரு நாள் போதவில்லை. வெள்ளிக்கிழமை விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்துச் சுருங்கிப் போயிருந்தது.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் மெஷின்காரன் அவளைக் கையைக் காட்டி உள்ளே கூப்பிட்டான். எல்லாரும் கேன்டீனுக்குப் போயிருந்தார்கள். அவன் கோட்டுக்குள்ளிருந்து நாலு தாள்களை எடுத்து மேஜைமேல் வரிசையாக வைத்தான். முகம் தூங்காத முகமாக இருந்தது.

"அக்கா, சனிக்கிழமை மெஷின் சும்மா இருந்துச்சு. நாலு ரன் போட்டுப் பாத்தேன். இதைப் பாருங்க."

முதல் தாளில் ஒரு கோடு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் அசையாமல் ஓடியது.

"இது என்ன தம்பி? ஒண்ணுமே இல்லையே."

"இதுதான் நீங்க கழுவினது. அன்னைக்கு உங்ககிட்ட நாலு குடுவை வாங்கிட்டுப் போனேனே, அதுல ஒண்ணுல மாத்திரை கரைக்கிற திரவத்தை மட்டும் ஊத்திக் குலுக்கி ஓட்டினேன். ஒரு தூசி இல்லக்கா."

அவள் அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்தாள். உடனே எடுத்துக்கொண்டாள், தாளில் ஈரம் பட்டுவிடும் என்று.

"இது ரெண்டாவது. வேணும்னே உங்க சோப்பைக் கலந்து ஓட்டினேன். பாருங்க, சோப்பு வர்றது நாலாவது நிமிஷம். பதினொண்ணு இல்ல. சோப்பு எந்தக் காலத்துலயும் பதினோராவது நிமிஷம் வராது."

"அப்ப அது என்னது?"

அவன் சட்டைப் பையிலிருந்து சுண்டுவிரல் அளவு சீசா ஒன்றை எடுத்தான். கரைத்த மருந்தை மெஷினுக்குக் கொடுக்கிற சீசா. அதன் மூடிக்கு நடுவில் வட்டமாக ரப்பர் வைத்திருந்தது. மெஷினின் ஊசி அந்த ரப்பரைக் குத்தி உள்ளே இறங்கி மருந்தை உறிஞ்சும்.

"இந்த மூடி. ரெண்டு மாசம் முன்னாடி மாத்தினாங்க, வேற எடத்துலேர்ந்து மலிவா வாங்கினது. உடனே ஓட்டிட்டா ஒண்ணும் தெரியாது. அந்தத் திங்கட்கிழமை நான் சீசா எல்லாத்தையும் மெஷின்ல வச்சேன், காலம் அடைச்சுக்கிச்சு. அப்படியே விட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டேன். மறுநாள்தான் ஓட்டினேன். ஒரு ராத்திரி முழுக்க ரப்பர் கரைஞ்சு உள்ள இறங்கியிருக்கு. இது மூணாவது தாள், புது மூடி, ஒரு நாள் வச்சு எடுத்தது. பதினொண்ணு. இது நாலாவது, ட்ராயர்ல கிடந்த பழைய மூடி, அதே ஒரு நாள். ஒண்ணும் இல்ல."

அவள் நாலு தாளையும் மாறி மாறிப் பார்த்தாள். கோடு என்ன சொல்கிறது என்று அவளுக்கே தெரிந்தது.

"எனக்கு எங்க இடிச்சுது தெரியுமாக்கா? நான் கழுவினது உங்க கழுவல் மாதிரி இல்லவே இல்ல. ரெண்டு தடவைதான் அலசினேன். அப்பவும் சுத்தமா வந்துது. நான் கழுவியே வரலைன்னா, உங்க கழுவல்ல எப்படி வரும்? உங்க மேல தப்பில்லக்கா."

"எனக்குத் தெரியும் தம்பி," என்றாள். அப்படிச் சொன்னபிறகுதான் அது தெரியாமலிருந்த நாலைந்து நாளும் அவளுக்கு நினைவுக்கு வந்தன. திரும்பிக்கொண்டாள்.

"இன்னைக்கே சார்கிட்ட காட்டிடறேன். நீங்க எதுவும் பேச வேண்டாம்."

மேலாளரின் அறையும் கண்ணாடிச் சுவர்தான். கழுவும் அறையிலிருந்து, நடுவில் மெஷின்களைத் தாண்டிப் பார்த்தால் தெரியும். சத்தம் மட்டும் கேட்காது. சாப்பாட்டு நேரம் முடிந்து அவன் உள்ளே போனதை அவள் பார்த்தாள். தாள்களை மேஜைமேல் வைத்தான். நின்றுகொண்டே கையை நீட்டி நீட்டி விளக்கினான். சீசாவை எடுத்து வைத்தான். மேலாளர் சீசாவைத் தொடவில்லை. தாள்களைக் கிட்டே வைத்து, முதல் தாளின் மேல் மூலையைப் பார்த்தார். தேதியும் நேரமும் அச்சாகியிருக்கிற இடம். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஏதோ கேட்டார். மெஷின்காரனின் கை கீழே இறங்கியது.

அவள் தொட்டித் தண்ணீரை நிறுத்தினாள்.

மேலாளர் நிறைய நேரம் பேசினார். கோபமாகப் பேசுகிற மாதிரி தெரியவில்லை. நடுவில் எழுந்துபோய் அலமாரியிலிருந்து தடிமனான ஒரு ஃபைலை எடுத்துவந்து, ஒரு பக்கத்தைத் திறந்து, கீழே இருந்த கையெழுத்தைக் காட்டித் தன் நெஞ்சைத் தொட்டார். பிறகு விரலை நீட்டி ஃபைல்கள் அடுக்கியிருந்த மற்ற அலமாரிகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். பிறகு மெஷின்காரனைக் காட்டினார். கடைசியில் விரல் கண்ணாடிச் சுவர் வழியாகக் கழுவும் அறைப் பக்கம் திரும்பியது. இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். அவள் குனிந்து தொட்டிக்குள் கையை விட்டாள்.

நிமிர்ந்து பார்த்தபோது மெஷின்காரன் அறையின் மூலையில், காகிதம் கிழிக்கிற பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். தாள்களை ஒவ்வொன்றாக அதன் வாயில் கொடுத்தான். கீழே நாடா நாடாவாகச் சுருண்டு விழுந்தது. மேலாளர் அவன் தோளைத் தட்டினார். மேஜையில் இருந்த தன் சாப்பாட்டுப் பெட்டியை அவன் பக்கம் நகர்த்தினார். அவன் வேண்டாம் என்று தலையாட்டினான்.

நாலு மணிக்கு அவன் கழுவும் அறைக்கு வந்தான். கையில் காலிக் குடுவைகள் இருந்தன. தொட்டியில் வைத்துவிட்டுப் போகாமல் நின்றான்.

"அனுமதியில்லாம மெஷினை ஓட்டினதுக்கே என்னை அனுப்பலாமாம்," என்றான். "சீசாவை ராத்திரி முழுக்க விட்டதும் என் தப்புதானாம். அந்த மூடி வாங்கச் சொல்லி அவருதான் கையெழுத்துப் போட்டிருக்காரு. மூடிதான் காரணம்னா ரெண்டு மாசத்து ஃபைல் அத்தனையும் திறக்கணும், தணிக்கைக்காரங்க வந்து இதையே பிடிச்சுப்பாங்க, வெளிய போன மருந்தெல்லாம் திரும்பி வந்துரும், பாதிப் பேருக்கு வேலை போகும், உங்களுக்கும் சேத்துதான் போகும்கறாரு. மூடியை அடுத்த மாசம் சத்தமில்லாம மாத்திடறேன்னாரு."

அவள் குடுவை ஒன்றை எடுத்துப் பிரஷை உள்ளே விட்டாள்.

"என் வீட்டுக்காரி ஏழாவது மாசம்க்கா."

"தெரியும் தம்பி."

"நான் என்ன பண்றது, சொல்லுங்க."

அவள் தேய்த்து முடித்துக் குழாயைத் திறந்தாள். பிறகு, "என்மேல தப்பில்லேன்னு ஒரு துண்டுப் பேப்பர்ல எழுதித் தர முடியுமா? யாருக்கும் காட்ட மாட்டேன். என் வீட்டுக்காரருக்கு மட்டும்," என்றாள்.

அவன் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான். குழாய்த் தண்ணீர் குடுவையில் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவன் எப்போது போனான் என்று அவள் பார்க்கவில்லை.

அந்த வாரம் அவளுக்கு இரண்டு நாள் மறுபயிற்சி நடந்தது. பயிற்சி கொடுத்தது பக்கத்துப் பிரிவிலிருந்து வந்த ஒரு பெண். கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு படித்தாள். "குழாய் நீரில் மூன்று முறை அலசவும்," என்று படித்துவிட்டு அவளைப் பார்ப்பாள். அவள் அலசுவாள். அந்தப் பெண் ஒரு டிக் அடிப்பாள். நடுவில் அந்தப் பெண்ணே, "அக்கா, இந்தக் கழுத்து வளைவு எப்படித் தேய்க்கிறது? எனக்கு வரவே மாட்டேங்குது," என்று கேட்டாள். அவள் பிரஷின் கம்பியைக் கொஞ்சம் வளைத்துக் காட்டிக்கொடுத்தாள். அதற்கும் ஒரு டிக் விழுந்தது.

தணிக்கைக்காரர்கள் அடுத்த வியாழக்கிழமை வந்தார்கள். மூன்று பேர். பரிசோதனைப் பிரிவு முழுவதும் புதுக் கோட்டு போட்டுக்கொண்டு நின்றது. மத்தியானத்துக்கு மேல் அவர்களில் ஒருவர், தலை நரைத்த ஒரு அம்மாள், அந்த ஃபைலை எடுத்துக்கொண்டு கழுவும் அறைக்கே வந்துவிட்டார். பின்னால் மேலாளரும் வந்தார். மெஷின்காரன் வாசலிலேயே நின்றுகொண்டான்.

"தவறு நடந்தது இவங்ககிட்டயா?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"ஆமா மேடம். மறுபயிற்சி குடுத்திருக்கோம்."

"எப்படிக் கழுவறாங்கன்னு பாக்கலாமா?"

மேலாளர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் குடுவையை எடுத்தாள். தண்ணீர்ச் சத்தம் மட்டும் இருந்தது. ஏழு வருஷமாகக் கழுவியபடியே கழுவினாள். எண்ணவில்லை. எட்டு முடிந்ததும் கை வெள்ளை டிரம் பக்கம் திரும்பியது. அந்த அம்மாள் குடுவையைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ரொம்ப நல்லா இருக்கு," என்றார். "பயிற்சி பலன் குடுத்திருக்கு."

"நாங்க பயிற்சியில எப்பவுமே சமரசம் பண்றதில்ல மேடம்," என்றார் மேலாளர்.

அந்த அம்மாள் ஃபைலில் இருந்த பயிற்சித் தாளில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். போகும்போது அவளைப் பார்த்துச் சிரித்தார். நல்ல சிரிப்புதான். அவர் கேட்டால் சொல்லலாம் என்று அவள் ஒரு வினாடி நினைத்தாள். வாசலில் மெஷின்காரன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தான். அவனைக் கடந்து எல்லாரும் போய்விட்டார்கள்.

மறுநாள் காலையில் நிரந்தரப் பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. மூன்று பேர் என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு பேர்தான் இருந்தார்கள். அவளுக்கு முன்னால் நின்று படித்த காவல்காரர் இன்னொரு தடவை மேலிருந்து கீழே விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, வழியை விட்டு நகர்ந்துகொண்டார்.

பதினோரு மணிக்கு ஆள் அனுப்புகிற கான்ட்ராக்டர் வந்தார். அவளைத் தனியாகக் கூப்பிட்டு, ஜன்னலோரம் நின்று பேசினார்.

"ஃபைல்ல உன் பேர்ல ஒரு தவறு பதிவாயிருக்கும்மா. அப்படிப் பதிவான ஆளைப் பரிசோதனைப் பிரிவுல வச்சுக்கக் கூடாதுன்னு விதி. நிரந்தரமும் பண்ண முடியாது. திங்கட்கிழமையிலேர்ந்து வேற ஆள் வருது."

"சார் பேசறேன்னாரே. வெறும் பேப்பர்னாரு."

"பேசினாரு. அவரும் என்ன பண்ணுவாரு, கையெழுத்து நீதானே போட்டிருக்கே."

"வேற எடம் எதாச்சும்?"

"வந்தா சொல்லி அனுப்பறேன்." அவர் அவளுடைய முகத்தைப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே நின்ற தன் வண்டியைப் பார்த்தார். "உன் வீட்டுக்காரர் எப்படி இருக்காரு?"

"அப்படியேதான் இருக்காரு," என்றாள்.

அவள் மேலாளரைப் பார்க்கப் போனாள். கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள். மத்தியானம் மறுபடி போனாள். அவர் அறையில் விளக்கு எரிந்தது, ஆள் இல்லை. சாப்பாட்டுப் பெட்டி மேஜையில் இருந்தது. திரும்பி வந்து தொட்டியில் கிடந்ததைக் கழுவினாள். திங்கட்கிழமை ஓட்டுவதற்கு வேண்டுமே என்று முப்பத்தாறு குடுவைகளையும் கழுவிக் கவிழ்த்தாள்.

ஐந்து மணிக்கு அவள் பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டபோது மெஷின்காரன் நடைவழியில் அவசரமாக வந்து ஒரு தாளை அவள் கையில் திணித்தான். மேலே கம்பெனி முத்திரை. கீழே தணிக்கைக்கார அம்மாளின் கையெழுத்து.

"உங்க பயிற்சிச் சான்றிதழ். நகல் எடுத்தேன். கண்ணாடிக் கலன்களைக் குறையில்லாமல் கழுவும் திறன் பெற்றவர்னு போட்டிருக்கு. அது மட்டுந்தான் என்னால முடிஞ்சுது. வேற எங்கயாச்சும் லேப்ல கேட்டா காட்டலாம்க்கா. எடுத்துப்பாங்க."

அவள் அதை நாலாக மடிக்கவில்லை. கசங்கக் கூடாது என்று சாப்பாட்டுப் பெட்டிக்கும் பைக்கும் நடுவில் நிற்க வைத்தாள். "வீட்டுக்காரியைப் பாத்துக்குங்க தம்பி," என்றாள்.

வாசலில் எல்லார் பையையும் சோதித்துத்தான் வெளியே விடுவார்கள். ஏழு வருஷமாக அவளுடைய பையைக் காவல்காரர் பெயருக்குத் தொட்டுவிட்டு விட்டுவிடுவார். அன்று ஆள் நீக்கம் என்று உள்ளேயிருந்து சீட்டு வந்திருந்தது. பையை மேஜைமேல் கவிழ்க்க வேண்டியிருந்தது. சாப்பாட்டுப் பெட்டி, சீப்பு, ஒரு ஜோடி பழைய கையுறை, மருந்துக்கடையில் கேட்டுப் பார்க்க எடுத்துவந்த, புருஷனுடைய பெல்ட்டின் பிய்ந்த கொக்கி. கடைசியாக அந்தத் தாள்.

காவல்காரர் தாளை எடுத்து வெளிச்சத்தில் படித்தார். பிறகு அவளைப் பார்த்தார். பிறகு தலைக்கு மேலே சுவரில் இருந்த கேமராவைப் பார்த்தார்.

"இது கம்பெனிப் பேப்பர் இல்லையாக்கா?"

"எனக்குக் குடுத்தது."

"முத்திரை இருக்கே. முத்திரை போட்ட பேப்பர் எதுவும் வெளிய போகக்கூடாது. என் வேலைக்கு வந்துரும்."

"அதுல என்னைப் பத்தித்தான் எழுதியிருக்கு."

"படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருக்கு," என்றார். அவள் அடையாள அட்டையையும் கழற்றி வாங்கிக்கொண்டார். மேஜை ட்ராயரைத் திறந்து, சான்றிதழை மற்ற சீட்டுகளின்மேல் நேராக வைத்து, ஓரம் மடங்காமல் நீவிவிட்டு, மூடிப் பூட்டினார்.

பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. அவள் சாப்பாட்டுப் பெட்டியையும் சீப்பையும் கையுறையையும் கொக்கியையும் ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டாள். மேஜையில் வேறு எதாவது இருக்கிறதா என்று காவல்காரர் ஒரு தடவை பார்த்தார். அவளும் பார்த்தாள். ஒன்றும் இல்லை. அவர் வாசல் தடுப்புக் கம்பியைத் தூக்கிவிட்டார்.